பேர்ல் ஹார்பரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தைப் பார்க்க முடியுமா?

#1 அரைநிஜார்

பிப்ரவரி கடைசியில் குடும்பத்தோடு ஹவாய் போகிறோம். ஓவாகு தீவில் மட்டும் ஆறு நாள். நான், மனைவி, எட்டாவது படிக்கும் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா.

சிக்கலே அப்பாதான். 31 வருடம் கப்பல் ரிப்பேரில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கடற்கரை, அருவி, அன்னாசித் தோட்டம் என்று எதைச் சொன்னாலும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்கிறார். நேற்று ராத்திரி என் லேப்டாப்பில் பேர்ல் ஹார்பர் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "டேய், நாலு டிரை டாக் இருக்குடா. கிட்டப் போய்ப் பார்க்க விடுவானா?" என்று கேட்டார். டிரை டாக் என்றால் கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு வேலை செய்யும் குழி. இந்தப் பயணத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இது.

தேடினால் 1941 ஜப்பான் தாக்குதலில் மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் நினைவிடம் பற்றித்தான் கொட்டிக் கிடக்கிறது. தளத்தைப் பற்றி உருப்படியாக ஒன்றும் கண்ணில் படவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

#2 தேங்காய்பத்தை

ஆறு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். முதலில் கெட்ட செய்தி: உள்ளே விட மாட்டார்கள். அணுசக்தி நீர்மூழ்கிகளைப் பிரித்துப் போட்டு வேலை செய்யும் கடற்படைத் தளம் அது. 6,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அங்கே வெல்டர். "இன்னிக்கு என்ன வேலை?" என்று கேட்டால் "சூடான வேலை" என்பார், அவ்வளவுதான்.

ஆனால் வெளியே இருந்து பார்க்கலாம், நன்றாகவே பார்க்கலாம். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். சாயங்காலம் எழுதுகிறேன்.

#3 சுங்கச்சாவடி

கிரேன் பார்க்க ஹவாய் வரைக்குமா? ராயபுரம் பக்கம் நின்றால் நம் துறைமுகத்திலேயே வேண்டிய அளவு தெரியுமே. கோபித்துக்கொள்ளாதீர்கள் அரைநிஜார், டிக்கெட் விலையை நினைத்தேன், வாய் சும்மா இருக்கவில்லை.

#4 தேங்காய்பத்தை

சரி, வந்துவிட்டேன்.

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். காலையில் வந்து, படம் பார்த்து, கடற்படைச் சிப்பாய்கள் ஓட்டும் படகில் அரிசோனா நினைவிடத்துக்குப் போய், மூழ்கிய கப்பலிலிருந்து இன்னும் கசியும் எண்ணெய் தண்ணீரில் வானவில்லாகப் பரவுவதைப் படம் எடுத்து, திரும்பிவிடுவார்கள். தளத்தின் கிரேன்கள் கண்ணுக்கு எதிரே நிற்கும். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது மிசூரி போர்க்கப்பல். 1945இல் ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது அதன் மேல்தளத்தில். இப்போது ஃபோர்டு தீவில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ராணுவ எல்லைக்குள் இருப்பதால் சொந்த வண்டியில் போக முடியாது, பார்வையாளர் மையத்திலிருந்து அவர்களே பேருந்து விடுகிறார்கள். கப்பலில் ஏறியதும் கூட்டம் எல்லாம் சரணடைந்த இடத்துக்கு ஓடும். நீங்கள் பின்தளத்துக்கு நடங்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் நீளமாகத் தெரிவதுதான் தளம்.

அப்பாவிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். டாக்குக்குள் இருக்கும் கப்பல் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்கும், டிரை டாக் என்பது தரைக்குக் கீழே வெட்டிய குழி. நீர்மூழ்கி அதற்குள் இறங்கி நின்றால் வெளியே தெரிவது தண்டவாளத்தில் ஓடும் கிரேன்களும் கொட்டகைகளும் சாரமும்தான்.

குழிக்குள் எட்டிப் பார்க்க உயரம் வேண்டும். அதே தீவில் விமான அருங்காட்சியகத்தின் சிவப்பு வெள்ளைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கிறது. 2022இல் இருந்து மேலே ஏற்றிக் காட்டுகிறார்கள். தனி டிக்கெட், லிஃப்ட் உண்டு. துறைமுகம் முழுவதும் அங்கிருந்து தெரியும். காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் ஐயேயா மேட்டில் கியாயிவா ஹெயாவு பூங்காவின் நடைபாதை. தூரம்தான், ஆனால் துறைமுகம் எவ்வளவு பெரியது என்பது அங்கே நின்றால்தான் புரியும். பைனாகுலர் கொண்டு போங்கள்.

#5 கடைசல்பட்டறை

இந்த இழையை இவ்வளவு நாள் தேடிக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது. நானும் டாக் வேலை செய்தவன், சிங்கப்பூரில்.

அரைநிஜார், முதல் டாக்கின் கதையை அப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார். 1908இல் தளம் தொடங்கியது, 1909இல் டாக் நம்பர் 1க்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். 1913 பிப்ரவரி 17. பாதி கட்டியாகிவிட்டது, தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். அடித்தளம் அப்படியே மேலே எழும்பி எல்லாம் நொறுங்கியது.

ஏன் என்று கேட்டால், நம் ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஐப்பசி மழையில் புதுசாகப் போட்ட சம்பைக் காலியாக விட்டு வையுங்கள். நாலு நாளில் அது தரையை விட்டு எழும்பி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கீழே ஊறும் தண்ணீர் காலித் தொட்டியைப் படகு மாதிரி தூக்கிவிடும். டாக்கும் அதே தொட்டிதான், 1,000 அடி நீளம். அங்கே அடியில் இருப்பது பவளமும் சேறும், தண்ணீர் எல்லாப் பக்கமும் ஊறுகிறது. டாக்கின் அடித்தளத்தின் எடை அந்தத் தண்ணீரின் உந்தலைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். இரண்டும் போதவில்லை.

அப்புறம் முறையையே மாற்றினார்கள். தண்ணீரை இறைத்துவிட்டுக் கட்டாமல், கான்கிரீட் துண்டுகளைச் செய்து தண்ணீருக்குள்ளேயே இறக்கி அடித்தளம் போட்டுவிட்டு, அதன் பிறகு இறைத்தார்கள். திறப்பதற்கு 1919 ஆகஸ்ட் ஆகிவிட்டது. பத்து வருடம், ஒரு குழிக்கு.

#6 கூடைக்காரி

அந்த இடிவுக்கு ஹவாய்க்காரர்கள் சொல்லும் காரணம் வேறு. பேர்ல் ஹார்பருக்கு அவர்கள் பெயர் புவுலோவா. ஊர் ஊராக மீன் வளர்க்கும் குளங்கள் இருந்த கழிமுகம். அதைக் காப்பவள் கா'அஹுபாஹாவ் என்ற சுறா அம்மன், மனிதரைக் கடிக்கும் சுறாக்களை உள்ளே விடாதவள். டாக் தோண்டிய இடம் அவள் குடும்பத்தின் குகை என்று ஒரு முதிய மீனவர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். இடிந்த பிறகு, மறுபடி தொடங்கும்முன் சடங்கு செய்ததாகவும், தண்ணீரை இறைத்தபோது அடியில் பெரிய சுறாவின் எலும்புக்கூடு கிடந்ததாகவும் கதை.

கதை என்று தள்ளிவிடாதீர்கள். எல்லைச்சாமி மேல் ரோடு போடும்போது நம் ஊர்க் கிழவிகள் சொல்வதும் இதேதானே. இடம் யாருடையது என்பதைச் சொல்லும் வழி அது. 1887இல் வணிக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அமெரிக்கா இந்தத் துறைமுகத்தைப் பயன்படுத்தும் தனி உரிமையை எழுதி வாங்கியது. 1893இல் ஹவாய் அரசியைக் கவிழ்த்தார்கள். 1898இல் தீவே போய்விட்டது. பத்து வருடத்தில் தளம் வந்தது.

#7 சுங்கச்சாவடி

கிரேனைப் பற்றிப் பேச ஆரம்பித்து அம்மன் கோயில் வரை வந்துவிட்டோம். ஆனாலும் படிக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். 1941இல் ஜப்பான்காரன் இவ்வளவு தூரம் வந்து கப்பல்களை மட்டும் அடித்தானே, தளத்தை ஏன் விட்டான்?

#8 கடைசல்பட்டறை

அதுதான் அவன் செய்த பெரிய தப்பு என்பது என் கட்சி. இரண்டு அலைத் தாக்குதலோடு ஜப்பான் தளபதி நகுமோ திரும்பிவிட்டார். டாக்குகள், பட்டறைகள், எண்ணெய்த் தொட்டிகள் எல்லாம் அப்படியே நின்றன. பிறகு நடந்ததைப் பாருங்கள். கலிபோர்னியா, மேற்கு வர்ஜீனியா, நெவாடா எல்லாம் அடியில் உட்கார்ந்த கப்பல்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி டாக்கில் ஏற்றி மறுபடி சண்டைக்கு அனுப்பினார்கள். திரும்பி வராதவை அரிசோனா, ஓக்லஹோமா, யூட்டா, மூன்றுதான். ஓக்லஹோமாவைக்கூட ஃபோர்டு தீவில் 21 வின்ச் வைத்து இழுத்து நிமிர்த்தினார்கள். குப்புறக் கிடந்த போர்க்கப்பலை!

முக்கியமானது யார்க்டவுன். 1942 மே மாதம் பவளக் கடல் சண்டையில் குண்டு வாங்கிய விமானம் தாங்கிக் கப்பல். மே 27 அன்று எண்ணெய் ஒழுக ஒழுக வந்து சேர்ந்தது. பழுது பார்க்க 90 நாள் ஆகும் என்றார்கள். அமெரிக்காவின் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் மூன்று நாள் என்றார். டாக் நம்பர் 1இல் தண்ணீர் முழுதாக வடியும் முன்பே, இடுப்பளவு பூட்ஸ் போட்டுக்கொண்டு அவரே இறங்கி அடிப்பாகத்தைப் பார்த்தார். ஏறத்தாழ 1,400 பேர் ராத்திரி பகலாக வேலை. வெல்டிங்குக்கு மின்சாரம் போதாமல் ஹொனலுலுவில் பகுதி பகுதியாக கரண்ட் கட் செய்ததாகச் சொல்வார்கள். மே 30 கப்பல் கிளம்பிவிட்டது. நேரே மிட்வே சண்டைக்கு.

#9 நாலாம்வகுப்பு

அண்ணா, இரண்டு திருத்தம்.

ஒன்று, தளத்தை விட்டுவிட்டான் என்பது முழு உண்மை இல்லை. அன்று டாக் நம்பர் 1இல் பென்சில்வேனியா போர்க்கப்பலும், அதன் முன்னால் காசின், டௌன்ஸ் என்று இரண்டு டிஸ்ட்ராயர்களும் நின்றன. மூன்றும் அடி வாங்கின. தீயை அணைக்க டாக்கில் தண்ணீர் விட்டார்கள், எரியும் எண்ணெய் மிதந்து மேலே ஏறி நிலைமை இன்னும் மோசமானது. காசின், தன்னைத் தாங்கி நின்ற கட்டையிலிருந்து சரிந்து டௌன்ஸ் மேல் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் மிதக்கும் டாக்கில் இருந்த ஷா என்ற டிஸ்ட்ராயர் வெடித்த படம்தான் எல்லா வரலாற்றுப் பாடநூலிலும் வருவது.

இரண்டு, யார்க்டவுனை மூன்று நாளில் "சரி செய்தார்கள்" என்பது. ஒட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான். ஓட்டைகளுக்கு மேல் இரும்புத் தகடு, உள்ளே மரக்கட்டை முட்டு. சேதமான கொதிகலன்களைத் தொடவே இல்லை. மிட்வேயில் மறுபடி அடிபட்டு ஜூன் 7 அன்று மூழ்கியது.

#10 கடைசல்பட்டறை

முதல் திருத்தம் சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். பட்டறையையும் டாக்கின் கட்டுமானத்தையும் விட்டான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவதுக்கு ஒப்ப மாட்டேன். நீ ஒட்டு என்று இளக்காரமாகச் சொல்வதுதான் ரிப்பேர்க்காரனின் மூளை. எதைச் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதை விட்டுவிடலாம், விட்டும் கப்பல் மிதக்கும் என்று மூன்று நாளில் முடிவு செய்வதற்குத்தான் அனுபவம் வேண்டும். காசினும் டௌன்ஸும் என்ன ஆயின? உடம்பு தேறாது என்று தெரிந்ததும் எஞ்சின்களைக் கழற்றி கலிபோர்னியாவுக்கு அனுப்பி, புது உடம்பில் மாட்டி அதே பெயரில் ஓட விட்டார்கள். வீணாக எதையும் போட மாட்டான் டாக்குக்காரன்.

#11 அரைநிஜார்

மேலே உள்ளதை எல்லாம் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சம்ப் உதாரணத்துக்குச் சிரித்தார். கொதிகலனைத் தொடாமல் விட்டது பற்றிக் கேட்டதும், "வேற என்ன பண்ணுவான்? பாய்லரைத் திறந்தா மூணு மாசம் மூட முடியாது" என்றார். பிறகு காசின் கட்டையிலிருந்து சரிந்த கதையை மறுபடி படிக்கச் சொன்னார். கப்பலை நிறுத்தும் கட்டைகளை வரைபடம் பார்த்து ஒன்றொன்றாக அடுக்குவது அவர் வேலையாகவும் இருந்திருக்கிறதாம். எனக்கு இதுவரை தெரியாது.

#12 கூடைக்காரி

எல்லோரும் குஷியாக இருக்கும்போது நான் இடையில் வந்து கெடுக்கிறேன். மன்னியுங்கள்.

மேற்கு வர்ஜீனியாவை டாக்கில் ஏற்றித் தண்ணீர் வடித்தபோது ஒரு ஸ்டோர் அறையில் மூன்று பேர் உடல் இருந்தது. பக்கத்தில் ஒரு காலண்டர். டிசம்பர் 23 வரை நாள்களை அடித்திருந்தார்கள். வெளியே ஆள்கள் நடமாடிய சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். அதைக் கண்டெடுத்ததும் டாக் வேலைக்காரர்கள்தான். அதையும் சேர்த்துத்தான் "ரிப்பேர்" என்கிறோம்.

இன்னொன்று. கடைசல்பட்டறை சொன்ன எண்ணெய்த் தொட்டிகள் பாதுகாப்பில்லை என்று ரெட் ஹில் மலைக்குள் 20 ராட்சதத் தொட்டிகளைக் குடைந்தார்கள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம். அதற்கு நேர் கீழேதான் தீவின் குடிநீர். 2021 நவம்பரில் எரிபொருள் கசிந்து கடற்படைக் குழாய்களில் வந்தது. 93,000 பேர் அந்தத் தண்ணீரை நம்பி இருந்தார்கள். குழாயைத் திறந்தால் பெட்ரோல் பங்க் வாடை. பல குடும்பங்கள் மாதக்கணக்கில் ஓட்டலில் இருந்தன. மக்கள் தெருவில் இறங்கிய பிறகே மூட முடிவானது.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பைனாகுலரில் கிரேனைப் பார்க்கும்போது, பின்னால் திரும்பி அந்த மலையையும் ஒரு தடவை பாருங்கள்.

#13 தேங்காய்பத்தை

கூடைக்காரி அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் வீடு வேறு குழாயில் இருந்தும் மூன்று மாதம் கேன் தண்ணீர்தான் வாங்கினோம். வெல்டர் வீட்டில் இரண்டும் உண்டு. சம்பளம் அந்தத் தளத்திலிருந்து, கசிவுக்கு எதிரான கூட்டத்துக்குப் பதாகை எழுதியதும் அதே வீட்டுத் திண்ணையில்தான்.

#14 ரயில்பூச்சி

கொஞ்சம் விலகிப் போகிறேன். வேலை நடக்கும் தளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாகசாகிக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஊருக்கு நடுவே குடா, எதிர்க்கரை முழுக்க மிட்சுபிஷி தளம். ஹாஷிமா தீவுக்குப் போகும் சுற்றுலாப் படகு அதை ஒட்டியே போகும். 1909இல் நிறுத்திய 150 டன் கிரேன் இன்னும் வேலை செய்கிறது, 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கொசுகேயில் ஒரு பழைய சாய்தளம், கப்பலை இழுத்த தொட்டில் மணிச்சட்டம் மாதிரி இருப்பதால் ஊர்க்காரர்கள் மணிச்சட்ட டாக் என்கிறார்கள். முசாஷி போர்க்கப்பலைக் கட்டும்போது யாரும் பார்க்கக்கூடாது என்று கயிற்றுத் திரை கட்டி மறைத்த தளமும் இதுதான்.

இரண்டு ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பேர்ல் ஹார்பர் ஆழம் சுமார் 40 அடிதான், சாதாரண டார்பிடோ சேற்றில் குத்திவிடும். மரச் சிறகு மாட்டி மாற்றிய டார்பிடோக்களைச் செய்தது நாகசாகியில் மிட்சுபிஷியின் ஆயுதத் தொழிற்சாலை. 1945 ஆகஸ்ட் 9 குண்டில் போனது அந்தத் தொழிற்சாலை. தளம் பெரும்பாலும் தப்பியது, அந்தக் கிரேனும்.

#15 சுங்கச்சாவடி

இங்கேயும் தளம் தப்பிவிட்டதா! சரி சரி, தொடருங்கள்.

#16 தேங்காய்பத்தை

மறக்கும்முன் நடைமுறை விஷயம். பை கொண்டு போகாதீர்கள். முதுகுப்பை மட்டுமில்லை, கைப்பையும் கூடாது. வாசலில் காசு கட்டி வைக்கலாம். அரிசோனா படகுக்கு ஆன்லைனில் பதிவு, ஆளுக்கு 1 டாலர், எட்டு வாரம் முன்பே திறக்கும், சுடச்சுடத் தீர்ந்துவிடும். மிசூரிக்கும் கோபுரத்துக்கும் தனித்தனி டிக்கெட். ஒரு டூர் ஏஜெண்டிடம் "எல்லாம் உள்ளடக்கம்" என்று வாங்கி, மிசூரி வாசல் வரை மட்டும் உள்ளடக்கம் என்று அங்கே போய்த் தெரிந்துகொண்டவன் நான். நேரடியாக வாங்குங்கள்.

அப்புறம் இன்னொன்று, மிசூரியே அந்தத் தளத்தில் வேலை பார்த்துக்கொண்ட கப்பல்தான். 2009 அக்டோபரில் இழுவைப் படகுகள் கொண்டு போய் டாக் நம்பர் 4இல் ஏற்றி, சுமார் 1.8 கோடி டாலர் செலவில் துரு எடுத்துப் பெயிண்ட் அடித்து, மூன்று மாதத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது டாக் நம்பர் 5 கட்டுகிறார்கள். பழைய 3ஆம் டாக்கில் வர்ஜீனியா வகை நீர்மூழ்கி நுழையாது. 2023இல் 280 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

#17 அரைநிஜார்

போய்விட்டு வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

அரிசோனாவில் அப்பா ஒன்றும் பேசவில்லை. சுவரில் 1,177 பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்த இடங்களில் விரல் வைத்துப் பார்த்தார்.

மிசூரியில் ஏறியதும் முதலில் குனிந்தது தேக்குப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க. நகத்தால் சுரண்டி, "நல்லா அடைச்சிருக்கான்" என்றார். காவலுக்கு நின்ற பெரியவர் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வந்தார். பையன் "மை தாத்தா, ஷிப் ரிப்பேர்" என்று சொன்னான். அந்தப் பெரியவரும் தளத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்! இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் டூல்ஸ் பெயர்தான். கால் மணி நேரம் பின்தளத்தில் நின்று, கம்பி வேலிக்கு வெளியே கை நீட்டி, கேட், பம்ப், கீல் பிளாக், வால்வ் என்று பேசிக்கொண்டார்கள். அப்பா கையை மேலே தூக்கி சம்ப் எழும்பியதைக் காட்டினார். அவர் தலையாட்டி, "நைன்டீன் தர்ட்டீன்" என்றார்.

காற்று பலமாக இருந்தது. ஒரு கிரேன் கையைத் தாழ்த்தி நிறுத்தியிருந்தார்கள். இன்னொன்று மட்டும் தண்டவாளத்தில் மெதுவாக நகர்ந்து, எதையோ தூக்கி, குழிக்குள் இறக்கியது. பைனாகுலரில் பார்த்த அப்பா, "அடியில ஒருத்தன் கை காட்டறான், அதான் இவ்ளோ பொறுமையா இறக்கறான்" என்றார். அடியில் இருப்பவன் எங்களுக்குத் தெரியவே இல்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

கூடைக்காரி, மலையையும் பார்த்தோம். பச்சையாக, ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்தது.

கோபுரத்துக்கு நேரம் போதவில்லை. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டிருப்போம், அவ்வளவு தாமதம்.

#18 கடைசல்பட்டறை

அப்பாவுக்கு என் வணக்கம். அந்தக் காலத்துக் கட்டை வரைபடம் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள் தம்பி. இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

#19 சுங்கச்சாவடி

எனக்கு நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் வேலை இருக்கிறது. அங்கிருந்து ஹொனலுலு ஐந்தரை மணி நேரம் என்கிறார்கள். தேங்காய்பத்தை, அந்தக் கோபுரத்துக்கு டிக்கெட் எங்கே வாங்க வேண்டும்?